துணைவஞ்சி இல்லாத வஞ்சி: ‘ஸ்டெல்லாரிஸ்’ விண்வெளி ஆட்டம் – ஒரு புறத்திணை நோக்கு

முன்னுரை

பனுவல் என்பது எழுத்தில் அமைந்தது மட்டுமன்று என்னும் கருத்து தமிழ்த் திறனாய்வில் வேரூன்றிவிட்டது. திரைப்படமும் விளம்பரமும் தொலைக்காட்சித் தொடரும் ஆய்வேடுகளுக்குப் பொருளாகியுள்ளன. கணினி விளையாட்டு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. விளையாட்டை ஆராய்வது ஆய்வாளர்க்கு அழகன்று என்னும் தயக்கம் இதற்கு ஒரு காரணம். ஓர் ஆட்டத்தை ஆடி முடிக்க, ஒரு காப்பியத்தைப் படித்து முடிப்பதைக் காட்டிலும் மிகுதியான நேரம் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம் மெய்யானது என்பதை இக்கட்டுரையாளர் பட்டறிவால் அறிவார்.

சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள பாரடாக்ஸ் டெவலப்மென்ட் ஸ்டுடியோ உருவாக்கி, 2016 மே 9 அன்று வெளிவந்த ‘ஸ்டெல்லாரிஸ்’ என்னும் விண்வெளிப் பேரரசு ஆட்டத்தைப் புறத்திணை மரபின் துணைகொண்டு அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தொல்காப்பியர் இத்தகைய ஆட்டங்களை முன்னரே அறிந்திருந்தார் என நிறுவ இங்கு முயலவில்லை. அவ்வகை நிறுவல்கள் நம் துறையில் தேவைக்கு மேல் உள்ளன. போரையும் நிலத்தையும் வகைப்படுத்திய ஒரு பழைய இலக்கணத்தை, அவற்றையே விதிகளாக மாற்றியமைத்த ஒரு புதிய பொறியின் அருகில் வைத்தால் எது பொருந்துகிறது, எது விடுபடுகிறது என்று காண்பதே இங்குச் செய்யப்படுவது.

கட்டுரைக்கு அடிப்படையான ஆட்டங்கள் பெங்களூரு ஜீவனஹள்ளியில், கட்டுரையாளரின் இல்லத்தில் ஆடப்பெற்றவை. காக்ஸ் டவுனை ஒட்டிய இப்பகுதியில் தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்குகின்றன. ஆடியவர்கள் இருவர்: கட்டுரையாளரின் அண்ணன் மகன் ஒருவன், மாடியில் குடியிருக்கும் கன்னட மாணவன் மற்றவன். ஆட்டத்தின் திரைமொழி ஆங்கிலம். எனினும் பேரரசுக்கும் கோள்களுக்கும் ஆடுபவர் தாம் விரும்பிய பெயரை இட்டுக்கொள்ளலாம். அண்ணன் மகன் தன் பேரரசுக்குச் சோழம் என்றும் தலைநகர்க் கோளுக்கு உறையூர் என்றும் பெயரிட்டான். மாடி வீட்டு மாணவன் தன்னுடையதற்கு ஹொய்சளம் என்று பெயரிட்டான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தலக்காட்டைச் சோழரிடமிருந்து விஷ்ணுவர்த்தனன் கைப்பற்றிய வரலாற்றை இருவருமே பள்ளிப் பாடத்தில் படித்திருந்தனர். படித்த மொழிதான் வேறு.

ஆட்டம் இயங்கும் முறை

ஆட்டத்தின் காலம் 2200ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தொடங்குகிறது. மாதம் ஒவ்வொன்றும் 30 நாள். சதுரங்கத்தில் போல மாறி மாறிக் காய் நகர்த்தும் முறை இல்லை. நாள்கள் தாமே ஓடுகின்றன. வேண்டும்போது காலத்தை நிறுத்தி, எண்ணி, ஆணையிட்டு மீண்டும் ஓடவிடலாம். தொடக்கத்தில் கையில் இருப்பவை ஒரு தாய்க்கோள், ஓர் ஆய்வுக்கலம், ஒரு கட்டுமானக்கலம், மூன்று சிறு போர்க்கலங்கள். சுற்றிலும் 200 முதல் 1000 வரை விண்மீன்கள் கொண்ட இருண்ட வரைபடம் கிடக்கிறது. ஆய்வுக்கலம் ஒவ்வொரு விண்மீனாகச் சென்று ஆராய, வரைபடம் சிறிது சிறிதாகத் துலங்குகிறது. ஆராய்ந்த இடத்தில் கட்டுமானக்கலம் ஒரு தளம் அமைத்தால் அவ்விண்மீன் பேரரசின் எல்லைக்குள் வருகிறது.

இவ்வகை ஆட்டங்களை நான்கு வினைகளால் சுட்டுவது வழக்கம்: தேடுதல், விரித்தல், சுரண்டுதல், அழித்தல். 1993இல் ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ என்னும் ஆட்டத்தை மதிப்பிட்டு எழுதிய ஆலன் எம்ரிக் இவ்வழக்கைத் தொடங்கினார். ஆயினும் நாற்பது மணிநேரம் ஆடியவர் எவரும், இந்நான்கு வினைகளும் தம் பொழுதைப் பெரிதும் கொண்டன எனச் சொல்லார். அவர் உண்மையில் செய்துகொண்டிருந்தது கணக்குப் பார்த்தல். சுரங்கத்தில் கனிமம் எடுக்கப்படுகிறது. கனிமத்தை ஆலை உலோகக்கலவையாக்குகிறது. உலோகக்கலவையால் போர்க்கலம் உருவாகிறது. அதே கனிமத்தை வேறோர் ஆலை நுகர்பொருளாக்குகிறது. அந்நுகர்பொருள் இல்லையேல் ஆய்வாளர் ஆய்வதில்லை. மக்களுக்கு உணவு வேண்டும். கட்டடங்களுக்கும் கலங்களுக்கும் ஆற்றல் வேண்டும். மாதந்தோறும் முதல் நாளில் வரவும் செலவும் நேராகின்றன. ஏதேனும் ஒன்று குறைந்து சேமிப்பும் தீர்ந்தால் பேரரசு முழுவதும் தள்ளாடுகிறது.

திருக்குறள் இறைமாட்சி அதிகாரம் அரசுக்கு வேறு நான்கு வினைகளை வகுத்துள்ளது: பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்தளித்தல். எம்ரிக்கின் நான்கைக் காட்டிலும் இந்த ஆட்டத்துக்கு வள்ளுவரின் நான்கே பொருத்தமான விளக்கம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. விளம்பரப் படங்களில் வெடித்துச் சிதறும் கலங்கள் இக்கணக்கின் செலவுப் பகுதியில் ஒரு வரி மட்டுமே. நில விரிவுக்கும் விலை உண்டு. பேரரசின் பரப்பும் மக்கள்தொகையும் கூடக்கூட ஒவ்வோர் ஆய்வுக்கும் ஆகும் செலவு உயர்கிறது. மண்ணாசைக்குத் தடை போடும் அறவுரை இங்கு இல்லை. அதன் இடத்தில் ஒரு வீதம் இருக்கிறது.

ஆய்வுமுறையும் கருதத்தக்கது. அடுத்து எதைக் கண்டறியலாம் என்பது நேர்கோட்டில் அமைவதில்லை. சீட்டுக்கட்டிலிருந்து எடுப்பதுபோல், பொதுவாக மூன்று வாய்ப்புகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை கட்டுக்குள் திரும்பிச் செல்கின்றன. ஆகவே ஒரே பேரரசை இருமுறை ஆடினாலும் வரலாறு ஒன்றாக அமைவதில்லை.

நிலமும் மக்களும்

குடியேறத்தக்க கோள்களை ஆட்டம் பெரும்பான்மையும் ஒன்பது வகையாகவும், அவ்வொன்பதை ஈரம், வறட்சி, குளிர் என்னும் மூன்று தட்பவெப்பத் தொகுதிகளாகவும் பகுக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் உரிய நிலம் ஒன்று உண்டு. உரிய நிலத்தில் வாழ்தகைமை 80 விழுக்காட்டிலும், அதே தொகுதியைச் சேர்ந்த பிற நிலத்தில் 60 விழுக்காட்டிலும், ஏனையவற்றில் 20 விழுக்காட்டிலும் தொடங்குகிறது. தகைமை குறைந்த நிலத்தில் குடியேறியோர் மிகுதியாக உண்பர், குறைவாக ஆக்குவர், மெல்லப் பெருகுவர்.

நிலம் முதலாக, அதன்வழி மக்கள், உணவு, தொழில் ஆகியன அமைதல் என்னும் முறையைக் காணும் தமிழ் மாணவர்க்கு முதற்பொருளும் கருப்பொருளும் நினைவுக்கு வருவது இயல்பே. ஒப்புமை ஓரளவு வரை மெய்யாகவே செல்கிறது. பாலை பற்றிய செய்தி இதில் சுவையானது. தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆட்டத்திலும் அவ்வாறு திரிந்த நிலம் ஒன்று உண்டு. கல்லறை உலகம் எனத்தக்க அக்கோள்களிற் சில, தம் மக்கள் நடத்திய அணுப்போரால் தாமே அழிந்தவை. கடுமையான விண்குண்டு வீச்சாலும் ஒரு கோளை அந்நிலைக்குக் கொண்டுசெல்லலாம். இளங்கோவின் பாலையைத் திரிப்பது வேனில்; ஸ்டாக்ஹோம் பாலையைத் திரிப்பது போர். மழை பெய்தால் இளங்கோவின் நிலம் மீளும்.

ஒப்புமை நின்றுவிடும் இடம் உரிப்பொருள். உரிய நிலத்தை விட்டுக் குளிர்க்கோளில் குடியேற்றப்பட்டவனின் நிலையை ஆட்டம் 20 என்ற எண்ணால் சொல்கிறது. எண் பொய்யன்று. ஆனால் திணைக்கோட்பாட்டில் நிலம் இருப்பதே அந்த 20-க்குள் இருக்கும் ஒருவர் பேசுவதற்காகத்தான்.

போரின் படிநிலைகள்

வெளிவந்த காலத்தில் இவ்வாட்டத்தில் விண்மீன்களுக்கிடையே செல்ல மூன்று வழிமுறைகள் இருந்தன. 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பு அவற்றைக் குறைத்து, விண்மீன்களை இணைக்கும் வழித்தடங்களை மட்டுமே பொதுவழியாக்கியது. பலர் இதை வெறுத்தனர். ஆனால் அம்மாற்றத்தால்தான் ஆட்டத்தில் கணவாய் தோன்றியது. கணவாய் தோன்றவே அரண் பொருளுடையதாயிற்று. அரண் பொருளுடையதாகவே முற்றுகை பிறந்தது. புறத்திணைச் சொல்லில் கூறுவதாயின், 2.0 பதிப்பு வஞ்சியோடு உழிஞையைச் சேர்த்தது.

வெட்சிக்கு நேரான கூறு ஆட்டத்தில் மெலிந்தே உள்ளது. ஆநிரை கவர்தல் இல்லை. அவ்விடத்தில் நிற்பது உரிமைக்கோரல். எந்தெந்த விண்மீன் தனக்கு வேண்டும் என்பதைப் போருக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். அதற்குச் ‘செல்வாக்கு’ என்னும் வளத்தைச் செலவிட வேண்டும். செல்வாக்கு மெல்லவே சேர்வது. தொலைவிலுள்ள விண்மீனுக்கு விலை கூடுதல். அதன் பின்னரே படையெடுப்பு. தீராத நிலவேட்கையால் ஒரு வேந்தன் மற்றொரு வேந்தனை அஞ்சும்படி சென்று அடுவது வஞ்சி என்னும் இலக்கணம் இங்கு எழுத்துப் பிசகாமல் நடைபெறுகிறது.

தும்பை இல்லை. வலிமை ஒன்றையே பொருளாகக் கருதி, அதனை நிலைநாட்டப் பொருவது தும்பை. ஆட்டத்தில் நோக்கம் அறிவிக்காத போர் கிடையாது. போரை அரசியல் நோக்கத்தின் கருவியாகக் கண்ட பிரஷ்யப் படையறிஞர் கிளாஸ்விட்ஸின் பெயரையே இந்நிறுவனம் தன் ஆட்டங்களை இயக்கும் மென்பொருளுக்கு இட்டிருப்பதை இங்கு நினைக்கலாம். பெயருக்கேற்ற பொறிதான்.

படைக்கலம் பற்றி ஒன்று. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலில் நெய் பூசி அழகுடன் இருந்த கருவிகளையும், நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் அருகருகே வைத்துப் பாடியது யாவரும் அறிந்தது. அப்பாட்டில் புகழ்வது எது, பழிப்பது எது என்பதை அவையில் இருந்தோர் உணர்ந்திருப்பர். இவ்வாட்டத்தின் கணினி அண்டைநாட்டின் வலிமையைக் கலங்களின் தொகுத்த மதிப்பெண்ணால் அளக்கிறது. தளத்தில் நின்று பழுதுபடாத கலமே முழு மதிப்பெண் பெறும். ஔவையின் வஞ்சப்புகழ்ச்சி இப்பொறியிடம் செல்லாது. அது தொண்டைமானுக்கே வெற்றி என எழுதிவிடும்.

போரில் இறந்தோரும் எண்ணாகவே எஞ்சுகின்றனர். கலங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. போர் முடிந்ததும் இழப்புப் பட்டியல் ஒன்று தோன்றும். அதனை மூடினால் பெயரும் போயிற்று. தொல்காப்பியம் வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்வது முதல் அதனை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை வகுத்திருப்பதை எண்ணும்போது இவ்வேறுபாடு புலனாகும். ஜீவனஹள்ளியிலிருந்து பேருந்தில் செல்லும் தொலைவில்தான் பேகூர் உள்ளது. அங்குள்ள நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்று, பெங்களூருப் போரில் மாண்டோரைக் குறிக்கிறது. பெங்களூரு என்ற பெயருக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றாக அதைக் காட்டுவர். இந்நகரின் பெயர் நமக்கு முதலில் கிடைப்பதே இறந்தோரை நினைக்கும் கல்லில்தான்.

துணைவஞ்சி

புறநானூற்றின் 45, 46, 47ஆம் பாடல்கள் மூன்றும் கோவூர்கிழார் பாடியவை. மூன்றுக்கும் திணை வஞ்சி, துறை துணைவஞ்சி. ஒருவன் மற்றவனை வெல்லவோ கொல்லவோ நிற்கும்போது இடைப்புகுந்து சந்து செய்விப்பது துணைவஞ்சி. இதற்கு எனத் தனித்திணை வகுக்காமல், படையெடுப்பின் திணைக்குள்ளேயே படையெடுப்பைத் தடுப்போனுக்கு மரபு இடம் ஒதுக்கியுள்ளது என்பது உற்றுநோக்கத்தக்கது.

ஆட்டத்தில் போர் எவ்வாறு நிற்கிறது? இரு தரப்பிற்கும் ‘போர்ச்சோர்வு’ என ஓர் அளவு உண்டு. கலங்கள் அழியவும் மாதங்கள் கழியவும் அது ஏறுகிறது. 100 விழுக்காட்டை எட்டி 24 மாதம் கழிந்தால், அத்தரப்பின்மீது உள்ளது உள்ளபடி அமைதி என்பதை எதிரி திணிக்கலாம். கோரிய இடங்களில் எவை முழுமையாகக் கைப்பட்டனவோ அவை கைப்பற்றியவர்க்கு ஆகும். பேரரசுக்குள் கொள்கைக் குழுக்கள் உண்டு. அமைதி விரும்பும் குழு போரை வெறுக்கும். அவ்வெறுப்பும் ஏற்பு விழுக்காடாகவே ஆடுபவரை அடைகிறது. போரை நிறுத்தக்கூடிய அனைத்தும் இங்கு உள்ளன. நிறுத்து என்று சொல்பவர் மட்டும் இல்லை.

முற்றுகையை எடுத்துக்கொள்வோம். ஆவூரில் கதவடைத்திருந்த நெடுங்கிள்ளியிடம் கோவூர்கிழார் சொன்னவை (புறம் 44) உள்ளிருப்போரின் செய்திகள்: யானைகள் நீராடவில்லை, குழந்தைகள் பாலின்றி அழுகின்றன, மகளிர் தலையில் பூ இல்லை. அறத்தோன் ஆயின் கதவைத் திறந்து கொடு, மறத்தோன் ஆயின் திறந்துவந்து போரிடு என்பதே அவர் வைக்கும் வழக்கு. ஆட்டத்தின் முற்றுகையில் கோளின் ‘சேதம்’ என்னும் அளவு ஏறுகிறது. அதைப் பார்ப்பவர் முற்றுகையிட்டவரே. கோளுக்குள்ளிருந்து எவரும் பேசுவதில்லை.

இங்கு ஓர் எதிர்வாதத்தை எழுப்பிக்கொள்வது முறையாகும். 45ஆம் பாடலில் கோவூர்கிழார் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று கூறுவது யாது? எதிர்நிற்பவன் பனம்பூ சூடியவன் அல்லன், வேம்பு சூடியவனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. ஆகவே எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்பது. வாதத்தின் வலிமை இருவரும் சோழர் என்பதில்தான் உள்ளது. எதிரி சேரனோ பாண்டியனோ ஆயின் இப்பாடல் செல்லுமா? ‘ஸ்டெல்லாரிஸ்’ முன்வைக்கும் நிலைமை அதனினும் கடினமானது. அங்கு எதிர்ப்படுவோர் உடலாலும் மொழியாலும் முற்றிலும் அயலார். 2021இல் வந்த 3.0 பதிப்பிற்குப் பின், முதன்முதல் சந்தித்த இனத்துடன் பேச்சுத் தொடங்குவதற்கே படிப்படியான ஆய்வு தேவைப்படுகிறது. ஒரே கண்ணி சூடியோர் இல்லாத விண்வெளியில் 45ஆம் பாடலுக்கு வேலை இல்லை. இவ்வகையில் ஆட்டம் புறநானூற்றைவிடப் பெரிய வினாவை எழுப்புகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் 46ஆம் பாடல் வேறு. மலையமானின் மக்களை யானைக்காலில் இடக் கிள்ளிவளவன் துணிந்தபோது பாடியது அது. இங்குக் குடி ஒற்றுமை பேசப்படவில்லை. நீ புறாவின் துயர் தீர்த்தவன் மரபினன். இவர்கள் புலவர்க்குப் பகுத்துண்டவர் மரபினர். இச்சிறார் யானையைக் கண்டு அழுகையை மறந்தனர், இப்போது மன்றத்தைக் கண்டு மருள்கின்றனர். கேட்டாயாயின் விரும்பியதைச் செய் என்பதே வாதம். அழுகை மறந்த குழந்தைகளைக் காட்டுவதற்கு ஒரே கண்ணி வேண்டியதில்லை. கோவூர்கிழார் அவர்களை உய்யக்கொண்டார் என்று பாடலின் குறிப்பு சொல்கிறது.

ஆட்டத்தில் இதற்கு நேரான இடம் வென்ற கோளின் மக்களுக்குரிய உரிமைப் பட்டியல். முழுக் குடியுரிமை, வாழிட உரிமை, அடிமைநிலை, ஒழிப்பு என வரிசையாக உள்ளன. ஒன்றைச் சொடுக்கினால் போதும். அண்ணன் மகன் கணினி ஆண்ட ஓர் அண்டைப் பேரரசை வென்று இப்பட்டியலின்முன் இருந்தபோது, அவர்களை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கப்பட்டது. “அது ஒரு செட்டிங்தான் அத்தை. ஒழிச்சா மத்த எம்பயர்லாம் நம்மள வெறுக்கும். அப்புறம் ஒருத்தனும் டீல் போட மாட்டான்” என்று கூறி, அவன் முழுக் குடியுரிமையைத் தேர்ந்தான். ஆட்டம் அறத்திற்கு எதிரானதன்று. அதன் வீதங்கள் பெரும்பாலும் கொடுமைக்கு விலை வைக்கின்றன. விலை கட்டுபடியாகும் நாளில் கொடுமையைச் செய்யலாம் என்பதும் அவ்வீதங்களிலேயே அடங்கியுள்ளது. சிலவகைப் பேரரசுகள் தொடக்கத்திலேயே அவ்வாறு அமைக்கப்படுகின்றன; அவற்றுக்கு உரிமைக்கோரலும் வேண்டியதில்லை, தூதும் இல்லை.

இருவரும் ஆடிய நீண்ட ஆட்டத்தில், 2300ஐ ஒட்டிய ஆண்டுகளில், சோழத்துக்கும் ஹொய்சளத்துக்கும் போர் மூண்டது. கணவாயை உடைத்துச் சோழத்தின் கலங்கள் உள்ளே சென்றன. ஹொய்சளத்தின் தலைநகர்க் கோள் முற்றுகையில் இருந்தது, சேதம் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது மாடிப்படியில் காலடி கேட்டது. அம்மாணவன் கீழே வந்து கதவருகில் நின்று, “சாகு மாராயா” என்றான். போதுமப்பா என்பது பொருள். பிறகு, அந்தக் கோளுக்குத் தன் பாட்டியின் ஊர்ப் பெயரை வைத்திருப்பதாகத் தமிழில் சொன்னான். அண்ணன் மகன் காலத்தை நிறுத்தினான். சிறிது நேரம் கழித்து உள்ளது உள்ளபடி அமைதிக்கு அவனே முன்மொழிவு அனுப்பினான். திரையில் அந்நேரத்தில் ஹொய்சளத்தின் போர்ச்சோர்வு 63 விழுக்காடு, சோழத்தினுடையது 41.